1352 என்ற ஆண்டு எதற்கு உரியது? தேம்ஸ் கரையில் ஒரு வேய்ந்த கூரைச் சத்திரம்

ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றின் கிளிஃப்டன் ஹாம்ப்டன் பாலத்தருகே இருக்கும் ‘பார்லி மோ’ சத்திரத்தில் ஒரு மதியம் சாப்பிட்டதாகவும், அது 1352இல் கட்டப்பட்டது என்று அங்கே அறிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் கீற்றுக் கூரை இரண்டு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. அப்படியிருக்க வைக்கோலோ நாணலோ வேய்ந்த ஒரு கிராமத்துக் கட்டடம் ஏறத்தாழ 670 ஆண்டுகள் நிற்க முடியுமா, அல்லது இது வாடிக்கையாளரை ஈர்க்கச் சொல்லும் கதையா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த ஆண்டு கட்டடத்தின் எந்தப் பகுதிக்கு உரியது, மற்ற பகுதிகள் எவ்வளவு பழையவை, அது தொடக்கத்திலிருந்தே சத்திரமாக இருந்ததா என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். தென் இங்கிலாந்தில் பழைய மரச்சட்டக வீடுகளை அளந்து பதிவுசெய்யும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உறுதியான செய்தி. 1352 என்பது கதை அல்ல. ஆனால் அது கூரைக்கோ சுவருக்கோ உரிய ஆண்டும் அல்ல, கட்டடத்தின் மர எலும்புக்கூட்டுக்கு உரியது. இத்தகைய ஆண்டுகள் மரவளையக் காலக்கணிப்பு என்னும் முறையால் கிடைப்பவை. ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடுகிறது. மழையும் வெயிலும் ஒத்துழைத்த ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒடுக்கமாக. இந்த அகல ஒடுக்க வரிசை ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே பதிகிறது. எனவே உத்தரத்தில் பென்சில் பருமனுக்கு ஒரு துண்டைத் துளைத்தெடுத்து, ஏற்கெனவே ஆண்டு தெரிந்த வரிசையோடு ஒப்பிட்டால், கடைசி வளையம் எந்த ஆண்டில் வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். பட்டையை ஒட்டிய விளிம்பு அந்தத் துண்டில் இருந்தால் மரம் வெட்டப்பட்ட ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் வெட்டினார்களா வேனிலில் வெட்டினார்களா என்பதுகூடத் தெரியும். தச்சர் பட்டையோடு, அதை ஒட்டிய வெளிப்புற மென்மரமான வெளிறையும் செதுக்கிவிட்டிருந்தால் மட்டும் கணக்கு தளர்ந்துபோகிறது. தென் இங்கிலாந்து ஓக்கில் வெளிறு பொதுவாக 9 முதல் 41 வளையங்கள் வரை இருக்கும் என்று கொள்வதால், அப்போது ஒற்றை ஆண்டுக்குப் பதிலாக ஒரு கால எல்லையைத்தான் சொல்ல முடியும்.

நம் ஊர்த் தச்சர் தேக்கையும் வேங்கையையும் ஆண்டுக்கணக்கில் காயவிட்டு வைரம் பார்த்து எடுப்பார். இடைக்கால இங்கிலாந்தில் வழக்கம் நேர்மாறானது. காய்ந்த ஓக் உளிக்கு எளிதில் மசியாது என்பதால், வெட்டிய ஈரம் போகுமுன்பே செதுக்கி, கழுந்தும் துளையும் பொருத்தி, மர ஆணி அடித்து நிறுத்திவிடுவார்கள். சட்டகம் வீடாக நின்றபடியே காய்ந்து இறுகும். அதனால்தான் மரம் வெட்டிய ஆண்டுக்கும் வீடு எழுந்த ஆண்டுக்கும் பெரும்பாலும் ஓராண்டு ஈராண்டுக்கு மேல் இடைவெளி இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: பழைய வீட்டைப் பிரித்து அதன் மரத்தைப் புதிய வீட்டில் போட்டிருக்கலாம். எதுவும் பொருத்தப்படாத வெற்றுத் துளைகள் ஒரு மரத்தில் தெரிந்தால் முதலில் எழவேண்டிய சந்தேகம் அதுதான். ஆகவே ஒரே ஒரு மரத்தின் ஆண்டை வைத்து நாங்கள் முடிவு சொல்வதில்லை. ஒன்றோடொன்று கோத்து நிற்கும் பல மரங்கள் ஒரே காலத்தைக் காட்டவேண்டும்.

இந்தச் சட்டகம் எந்த வகை என்பதுதான் எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த பகுதி. ‘க்ரக்’ என்று அழைக்கப்படும் முறை அது. இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஒரு ஓக் மரத்தைத் தேர்ந்து, நடுவே நெடுக்காகப் பிளந்து, கிடைத்த இரு பாதிகளை எதிரெதிராக நிறுத்துவார்கள். அடி தரையை ஒட்டி நிற்க, நுனிகள் முகட்டில் கூட, ஒரே இணை மரம் தூணாகவும் கைமரமாகவும் வேலைசெய்கிறது. இரண்டும் ஒரே மரத்தின் பாதிகள் என்பதால் இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் கண்ணாடியில் பார்த்தாற்போல் ஒத்திருக்கும். இவற்றை உத்தரமோ குறுக்குக் கட்டையோ கொண்டு பிணைத்து, தரையில் படுக்கவைத்தே முழுவதும் கோத்து, ஊர்க்கூட்டம் சேர்ந்து கயிறும் கழியும் கொண்டு தூக்கி நிறுத்துவார்கள். நான்கரை, ஐந்து மீட்டருக்கு ஓர் இணை என்று வரிசையாக நிறுத்தி, நீளவாக்கில் சட்டங்கள் ஓட்டி, அவற்றின்மேல் மெல்லிய கைமரங்களைப் பரப்பினால் கூரைக்கான உடல் தயாராகிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவ்வகைக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் பதிவாகியுள்ளன. அவை மேற்கிலும் நடுநாட்டிலும் வடக்கிலும் நிறைந்திருக்க, கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஆங்கிலியாவில் காணவே கிடைப்பதில்லை. ஏன் அப்படி என்பதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. எதையும் அறிஞர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டதில்லை.

உங்கள் கேள்விக்கு இந்த முறை ஏன் முக்கியம் என்றால், க்ரக் கட்டடத்தில் கூரையின் பாரத்தைச் சுவர் சுமப்பதில்லை. சுவர் வெறும் மறைப்பு. நிமிர்த்திய குச்சிகளுக்கு இடையே வரிச்சுகளைப் பின்னி, களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய சுவர்தான் முதலில் இருந்திருக்கும். நம் பக்கத்து வரிச்சு மண்சுவரைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அது நைந்தபோது பிரித்து எறிந்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தாலும் கூரை அசையாது. ஆகவே 1352இன் மரத்துக்கு இடையே 17 அல்லது 18ஆம் நூற்றாண்டின் செங்கல்லும், அதன்மேல் 20ஆம் நூற்றாண்டின் சுண்ணப் பூச்சும் இருப்பது இத்தகைய வீடுகளில் இயல்பு. அதைப் பார்த்துவிட்டு, இது பழைய கட்டடம் அல்ல என்று முடிவுகட்டுவது தவறு.

1352 என்ற ஆண்டையும் சற்று எண்ணிப் பாருங்கள். கருங்கொள்ளை நோய் 1348–49இல் இங்கிலாந்தின் மக்களில் பெரும் பங்கினரைக் கொண்டுபோய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வேலையாள் பற்றாக்குறையால் கூலி ஏற, அதைக் கட்டுப்படுத்த 1351இல் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. தலைமைத் தச்சருக்கு நாளொன்றுக்கு 3 பென்னி, வைக்கோலும் பெரணியும் வேய்பவருக்கு 3 பென்னி, அவருடைய எடுபிடிக்கு ஒன்றரை பென்னி என்று அந்தச் சட்டமே வரையறுத்தது. கூரை வேய்தல் அன்றே தலைமைத் தச்சருக்கு நிகராகக் கூலி பெற்ற தனித்தொழிலாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அத்தனை ஆள் பஞ்சத்திலும் ஒருவர் புது ஓக் வெட்டி வீடு எழுப்பினார் என்பது, அந்த இடத்துக்கு ஒரு மதிப்பு இருந்ததைக் காட்டுகிறது. அந்த மதிப்பு ஆற்றைக் கடக்கும் துறையால் வந்தது என்பது என் கருத்து. இன்றைய செங்கல் பாலம் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1867இல் முடிந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அங்கே படகுத்துறைதான். ஊர் வடகரையில் இருக்க, சத்திரம் தென்கரையில் தனியாக நிற்பதற்கு வேறு பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் துறையருகே வீடு இருந்தது என்பதால் அது முதல் நாளிலிருந்தே சத்திரமாக இருந்தது என்று ஆகிவிடாது. மரவளையம் மரம் வெட்டிய நாளைச் சொல்லுமே தவிர, உள்ளே பால் காய்ச்சினார்களா, ஏல் என்னும் பீரைக் காய்ச்சி விற்றார்களா என்று சொல்லாது. கட்டட அமைப்பும் இதில் உதவாது. ஏனெனில் கிராமத்துச் சத்திரத்துக்கென்று தனியான கட்டட வகை அக்காலத்தில் இருக்கவில்லை. நகரங்களில் சத்திரமாகவே திட்டமிட்டுக் கட்டியவை உண்டு. க்ளாஸ்டரின் ‘நியூ இன்’ போல, முற்றத்தைச் சுற்றி மாடமும் தாழ்வாரமும் வைத்து, குதிரைக்கு வாயிலும் வணிகருக்கு அறைகளும் அமைத்த 15ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் அவை. கிராமத்தில் அப்படியில்லை. ஓரளவு வசதியான உழவர் வீடு எப்படி இருந்ததோ அப்படித்தான் கிராமத்துச் சத்திரமும் இருந்தது. பெரும்பாலும் அந்த உழவர் வீடே பிற்பாடு சத்திரமாக மாறியது. 1552இல் ஏல் விற்கும் வீடுகளுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் வந்த பிறகுதான் இவை ஆவணங்களில் ஒழுங்காகத் தலைகாட்டத் தொடங்குகின்றன. எனவே 1352 முதல் இடைவிடாமல் நடக்கும் சத்திரம் என்று எந்த வேய்ந்த கூரை விடுதியாவது சொன்னால், முதல் பாதியை நம்புங்கள், ‘இடைவிடாமல்’ என்பதற்கு ஆவணம் கேளுங்கள்.

அந்த உழவர் வீட்டின் நடுவில் தரையிலிருந்து கூரை வரை திறந்த ஒரு கூடம் இருக்கும். புகைபோக்கி கிடையாது. தரை நடுவே அடுப்பு எரியும். புகை எழுந்து கைமரங்களிடையே சுழன்று, வேய்ந்த கூரையின் இடுக்குகளிலும் முனைச் சுவரின் துளையிலும் வெளியேறும். பிறகு 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல்லோ கல்லோ கொண்டு பெரிய புகைபோக்கியை உள்ளே எழுப்பினார்கள். புகை அடங்கியதும் கூடத்தின் பாதி உயரத்தில் உத்தரம் கோத்து மாடி போட்டார்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் தலையில் இடிக்கும் உத்தரங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அக்கால மனிதர்கள் குள்ளமாக இருந்ததால் அல்ல அது. ஒரு தளத்துக்காகக் கட்டிய வெளியை இரண்டாகப் பகிர்ந்ததால் வந்த நெருக்கடி. மேல்தள அறைக்கு வெளிச்சம் வேண்டி இறவாரத்தின் மேலே சிறு சாளரங்கள் வைத்து, அவற்றின்மேல் கூரையைப் புருவம்போல் வளைத்து வேய்ந்ததும் இந்த மாற்றத்தின் தொடர்ச்சியே.

இனி கூரை. உங்கள் வியப்பு இதில்தான் இருந்தது என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். 1352இன் வைக்கோல் இன்று அந்த வீட்டின் வெளிப்புறத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. இங்கிலாந்தில் நன்றாக வேய்ந்த கோதுமை வைக்கோல் கூரை இருபது முதல் முப்பது ஆண்டுகள் வரை நிற்கும். நீர்நாணல் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். முகடு மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். இவ்வளவு காலம் நிற்பதற்கு முதல் காரணம் சரிவு. கூரை குறைந்தது 45 பாகை, பல இடங்களில் 50 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கிறது. மழைநீர் ஒரு தண்டின் நுனியிலிருந்து அடுத்த தண்டுக்குச் சொட்டி இறங்கி, இறவாரத்தின் விளிம்பில் சுவரை விட்டு விலகி விழுகிறது. நல்ல கூரையில் மேலே ஓரிரு அங்குலத்துக்குக் கீழே ஈரம் இறங்குவதே இல்லை. நீர்த்தாரை பிடிக்கும் தகரம் எதையும் நீங்கள் அங்கே பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது காரணம் கனம்: நாணல் கூரையே ஒரு அடி தடிமன். மூன்றாவது குளிர். வைக்கோலைத் தின்பது பூஞ்சை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் பருவமழை அதற்குத் தரும் வசதியை ஆங்கிலக் குளிர்காலம் தருவதில்லை. தென்னங்கீற்றின் ஒற்றை அடுக்கையும் அந்தக் கூரையையும் ஆயுளில் ஒப்பிடுவது கீற்றுக்குச் செய்யும் அநீதி.

ஆனால் வெளிப்புறம் புதியது என்பதால் கூரை முழுவதும் புதியது என்று எண்ணிவிடக் கூடாது. வைக்கோல் கூரையைப் பழுதுபார்க்கும் மரபான முறை, நைந்த மேற்பகுதியை மட்டும் சீவி எடுத்துவிட்டு, நல்ல அடிப்பகுதியின் மீதே புது அடுக்கைப் பொருத்துவது. இப்படி நூற்றாண்டுக்கு நான்கைந்து முறை செய்தால் கூரை சில வீடுகளில் ஒரு மீட்டருக்கும் மேல் கனக்கிறது. அதன் அடியில் முதன்முதலில் கைமரத்தோடு கட்டிய அடுக்கு அப்படியே தங்கிவிடுகிறது. டெவன் மாவட்டத்தில் இப்படித் தங்கியவை மிகுதி. அங்கே ஒரு பழைய வீட்டின் மேல்மச்சுக்குள் ஊர்ந்து சென்று விளக்கைத் திருப்பியபோது நான் கண்டதைச் சொல்கிறேன். கைமரங்கள் பட்டை நீக்காத கழிகள். அவற்றின் குறுக்கே மெல்லிய வரிச்சுகள். அவற்றோடு முறுக்கிய வைக்கோல் புரியால் இறுக்கிக் கட்டிய முதல் அடுக்கு, தார் பூசியதுபோல் கறுத்து, பளபளத்து, விரலால் தொட்டால் நொறுங்காமல் நின்றது. அந்தக் கறுப்பு, கூடத்து நடுவே அடுப்பு எரிந்த காலத்துப் புகை. புகைபோக்கி எழுந்தபின் அந்தக் கரி படிய வழியே இல்லை. ஆகவே கறுத்த அடுக்கு புகைபோக்கிக்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம். இத்தகைய அடுக்குகளை ஆராய்ந்த தாவரவியலாளர்கள் இடைக்காலக் கோதுமை, கம்புக்கோதுமை ஆகியவற்றின் கதிர்களையும், இன்று ஆங்கில வயல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்ட களைகளின் விதைகளையும் அதிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். புகை பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டியதால்தான் அவை தங்கின.

இதனால்தான் வைக்கோல் கூரையை முழுக்க உரித்துவிட்டு நாணல் போடுவதை மரபுக் கட்டடப் பாதுகாப்புத் துறையினர் எளிதில் அனுமதிப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அதற்குத் தனி அனுமதி வேண்டும். இதில் நான் முழுக்க அவர்கள் பக்கம். நாணல் அடிவரை உரித்துத்தான் போடப்படும். அத்தோடு அறுநூறு ஆண்டு வேளாண்மையின் சான்று குப்பைக்குப் போய்விடும். மறுபக்கத்தில் வேய்பவர்களின் சங்கடமும் உண்மையானது. இன்றைய கோதுமை குட்டைத் தண்டு. உரத்தால் கொழுத்து மெலிந்த சுவர் கொண்டது. அறுவடை இயந்திரம் அதை நசுக்கியும் விடுகிறது. ஆகவே 1960களின் ‘மாரிஸ் விட்ஜன்’ போன்ற நெட்டை ரகங்களை இதற்கென்றே சிலர் விதைத்து, பழைய கட்டும் இயந்திரத்தால் அறுத்து, கட்டுக்கட்டாக நிமிர்த்தி உலர்த்தித் தருகிறார்கள். மழை கெடுத்த ஆண்டில் நல்ல வைக்கோல் கிடைக்காமல் போகிறது.

அடுக்குகளைப் பிணைக்கும் பொருளையும் கவனிக்க வேண்டும். ஹேசல் மரத்தின் குச்சியை நெடுக்காகப் பிளந்து, இரு முனையையும் கூராக்கி, நடுவில் முறுக்கி மடக்குவார்கள். வெறுமனே மடக்கினால் ஒடிந்துவிடும். முறுக்கினால் நார்கள் கயிறாகப் பிரிந்து வளைந்துகொடுக்கும். அதைப் பெண்கள் கொண்டைக்குச் செருகும் ஊசிபோல், நுனி சற்றே மேல்நோக்கி இருக்கும்படி வைக்கோலுக்குள் குத்துவார்கள். அப்போதுதான் மழைநீர் குச்சி வழியே உள்ளே இறங்காது. முகட்டில் காணும் அலைவிளிம்பு வேலைப்பாட்டையும் வைக்கோல் நரியையும் மயிலையும் தொன்மை என்று எண்ணாதீர்கள். இன்று காணும் அளவிலான தடித்த அலங்கார முகடு பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. முந்தைய கிராமக் கூரைகள் எளிமையானவை. 1877இல் ஹென்றி டான்ட் என்பவர் பார்லி மோவை எடுத்த புகைப்படம் போன்றவை, கூரையின் பழைய வடிவத்தை ஒப்பிட எங்களுக்குப் பெரிதும் உதவுகின்றன.

நெருப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அச்சம் நியாயமானது. லண்டனில் 1212இன் பெருந்தீக்குப் பிறகு புது வீடுகளுக்கு வைக்கோலும் நாணலும் வேயத் தடை விதித்தார்கள். ஏற்கெனவே வேய்ந்தவற்றின்மேல் சாந்து பூசச் சொன்னார்கள். 1997இல் திறந்த குளோப் நாடக அரங்கின் கூரையே 1666 பெருந்தீக்குப் பிறகு அந்நகரில் அனுமதிக்கப்பட்ட முதல் வேய்ந்த கூரை. கிராமங்களில் வீடுகள் தள்ளித்தள்ளி இருந்ததால் அவை தப்பின. தீ எப்படித் தொடங்குகிறது என்பதில் மட்டும் இரு கருத்துகள் உண்டு. தடித்த கூரை புகைபோக்கியைப் போர்த்தியிருப்பதால் செங்கல் வழியே வெப்பம் கடந்து வைக்கோல் மெல்லக் கருகிப் பற்றுகிறது என்று சில பத்தாண்டுகளுக்கு முன் பலர் நம்பினர். அண்மைய சோதனைகள், புகைபோக்கியிலிருந்து பறந்து கூரைமேல் விழும் தணல்துண்டுகளையே முதன்மைக் காரணமாகக் காட்டுகின்றன; விறகு அடுப்புகள் பெருகியதோடு தீவிபத்துகளும் பெருகியதை இது நன்கு விளக்குகிறது. நான் இரண்டாவதையே ஏற்கிறேன். ஆனாலும் விரிசல் விட்ட பழைய புகைபோக்கியில் முதல் ஆபத்தையும் ஒதுக்க மாட்டேன். முகட்டிலிருந்து 1.8 மீட்டருக்காவது உயர்ந்த புகைபோக்கியும் நன்கு உலர்ந்த விறகும் இரண்டு வகை ஆபத்தையும் குறைக்கும்.

மீண்டும் அங்கே போனால் இப்படிப் பாருங்கள். முதலில் முனைச் சுவரை எட்டநின்று பார்த்து, தரையிலிருந்து முகட்டை நோக்கி வளையும் இணை மரங்கள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். தெரிந்தால், அந்தக் கட்டடத்தில் எஞ்சிய மிகப் பழைய பகுதிகளில் ஒன்று அதுவே. மரச்சட்டங்கள் கூடும் இடத்தில் உளியால் வெட்டிய ரோமன் எண்களைக் காணலாம். தரையில் கோத்துப் பார்த்தபின் பிரித்து நிறுத்தும்போது எது எதோடு சேரும் என்பதற்குத் தச்சர் இட்ட குறி அது. கரிய வண்ணம் பூசிய மரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் சுவை, பழைய ஓக் தானாகவே வெள்ளிச் சாம்பல் நிறத்தில் முதிரும். பிறகு பெரிய கணப்பு எங்கே இருக்கிறது, அது எந்த உத்தரத்தை வெட்டிக்கொண்டு எழுந்திருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக நடத்துபவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கூரை எப்போது வேயப்பட்டது, அப்போது பழைய அடி அடுக்கை விட்டுவைத்தார்களா. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் இங்கே எழுதுங்கள். அடி அடுக்கு இருக்கிறது என்றால் அதை எப்படிச் சோதிப்பது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.